ரோமில் சைட்போர்டே கிடையாது. பிறகு அது எப்படி 'நியோகிளாசிக்கல்'?

#1 ஊர்சுத்தி

லண்டன் மேற்கில் இருக்கும் ஆஸ்டர்லி பார்க் மாளிகைக்குப் போய்விட்டு வந்தேன். சைல்ட் என்ற வங்கிக் குடும்பத்துடைய வீடு. 1760களில் தொடங்கி ராபர்ட் ஆடம் என்ற ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர் உள்ளே முழுக்க மாற்றிப் போட்டிருக்கிறார். சாப்பாட்டு அறையில்தான் எனக்குக் குழப்பம். நடுவில் சாப்பாட்டு மேசையே இல்லை. நாற்காலிகள் சுவரோரமாக வரிசையில் நிற்கின்றன. ஒரு பக்கச் சுவரில் நீளமான மேசை ஒன்று. அதற்கு இரண்டு பக்கமும் பெட்டி மாதிரி இரண்டு பீடம். ஒவ்வொரு பீடத்தின் மேலும் மூடி போட்ட ஜாடி. இந்த மொத்தக் கூட்டத்துக்கும் பெயர் சைட்போர்டாம், பாணி நியோகிளாசிக்கலாம், அதாவது பழைய ரோம, கிரேக்கக் கலையை மீட்டெடுத்த பாணியாம்.

ரோமர்கள் கட்டிலில் சாய்ந்து படுத்துச் சாப்பிட்ட ஆட்கள். அவர்களிடம் ஏது சைட்போர்டு? இல்லாத சாமானை எப்படி "மீட்டெடுத்தார்கள்"? அதோடு, கடையில் சைட்போர்டு என்று விற்பது டிராயரும் கதவும் வைத்த ஒற்றைச் சாமான். இரண்டுக்கும் என்ன உறவு?

#2 மேசைநாற்காலி

உறவெல்லாம் ஒன்றுமில்லை. ஜாடி, மாலை, ஆட்டுத்தலை நான்கை ஒட்டினால் நியோகிளாசிக்கல். ஒட்டாவிட்டால் வெறும் மேசை.

#3 பித்தளைப்பூண்

நண்பர் மேசைநாற்காலி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, மீதிக்குத்தான் பதில் வேண்டும். நான் வடக்கு இங்கிலாந்தில் பழைய மரச்சாமான் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். ரோமர்களிடம் அப்படி எதுவுமே இல்லை என்று சொல்ல முடியாது. வெள்ளிப் பாத்திரங்களை அடுக்கி விருந்தாளிகள் கண்ணில் படும்படி வைக்க 'அபகஸ்' என்று ஒரு மேசை இருந்தது. ஆனால் 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் அதைப் பார்த்துச் செய்யவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது வேறு.

அக்காலத்து இங்கிலாந்து விருந்தை மனதில் கொண்டுவாருங்கள். பதார்த்தம் எல்லாம் ஒரே நேரத்தில் மேசைக்கு வந்துவிடும். ஆனால் குடிக்கும் கண்ணாடி மேசையில் இருக்காது. அது சைட்போர்டில் இருக்கும். உங்களுக்கு ஒயின் வேண்டுமென்றால் வேலைக்காரரை அழைக்க வேண்டும். அவர் ஊற்றிக் கொண்டுவந்து தருவார், குடித்து முடித்ததும் வாங்கிக்கொண்டு போய் அலசித் திரும்ப வைப்பார். ஆக, சுவரோரத்தில் ஒரு வேலை நடக்க வேண்டும்: பாட்டிலைக் குளிர வைப்பது, கண்ணாடியை அலசுவது, தட்டைச் சூடாக வைப்பது, கத்தி கரண்டியைப் பூட்டி வைப்பது.

ஆடம் செய்தது, இந்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ரோம உடுப்பு மாட்டியதுதான். நீங்கள் பார்த்த ஜாடி வெறும் அலங்காரம் இல்லை. இந்த வகை ஜாடிகள் பலவற்றின் உள்ளே ஈயத் தகடு வேய்ந்திருக்கும். குடிக்கக் குளிர்ந்த நீரோ அலச வெந்நீரோ இருக்கும், சிலவற்றில் சிறு குழாயும் உண்டு. கீழே இருக்கும் பீடங்களில் ஒன்று தகரம் அடித்த பெட்டி. அடியில் சூடாக்க வழி, மேலே தட்டு அடுக்கும் கம்பித் தட்டு. இன்னொன்றில் பாட்டில். மேசைக்கு அடியில் ஐஸ் போடும் தொட்டி.

ஜாடியின் உருவம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் வேடிக்கை. ரோமில் இறந்தவர் சாம்பலை வைத்த கலசங்களும் அவர்கள் பார்த்துப் பழகிய மாதிரிகளில் அடக்கம். முதுமக்கள் தாழியைத் துடைத்துப் பந்தியில் தண்ணீர் ஊற்ற வைத்த கதைதான்.

#4 மேசைநாற்காலி

அதைத்தான் நானும் சொன்னேன். உடுப்பு. மரச்சாமான் என்றால் பிரெஞ்சுதான்.

#5 கல்லும்சுண்ணாம்பும்

கட்டடக்கலை படிக்கிறேன், எனவே சண்டைக்கு வருகிறேன். 'உடுப்பு' என்பதை ஏற்க முடியாது.

எரிமலைச் சாம்பலில் புதைந்த இத்தாலிய ஊர்களான ஹெர்குலேனியத்தை 1738இலும் பொம்பேயை 1748இலும் தோண்டத் தொடங்கியதும் ஐரோப்பாவுக்கு ரோமர்களின் சாதாரண வீடு நன்றாகக் கண்ணில் படுகிறது. அதுவரை தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் கோயில், வளைவு, குளியல் மண்டபம். ஆடம் 1754இல் இத்தாலி போனார். 1757இல் அட்ரியாட்டிக் கடற்கரையில் இன்று ஸ்பிளிட் என்று அழைக்கப்படும் ஊருக்குப் போய் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியனின் அரண்மனையை அளந்தார். 1764இல் அதைப் பெரிய படநூலாக வெளியிட்டார். ஏன் அந்த இடம்? பொதுக் கட்டடங்களை எல்லோரும் அளந்துவிட்டார்கள், மனிதர் குடியிருந்த கட்டடம் ஒன்றை அளக்க வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். அறைகள் ஒன்றுக்கொன்று வேறு வேறு வடிவத்தில், வட்டமாக, அரைவட்டக் குடைவோடு இருப்பதை அங்கே பார்த்தார்.

இப்போது டெர்பிஷயரில் கெடில்ஸ்டன் ஹாலுக்கு வாருங்கள். கர்சன் குடும்பத்துக்காக 1760இல் ஆடம் வேலையைக் கையில் எடுத்த வீடு. சாப்பாட்டு அறையின் ஒரு முனையில் சுவரைக் குடைந்து அரைவட்ட மாடம். அந்த வளைவோடு ஒட்டி வளைந்த மேசைகள், அவற்றின் மேல் வெள்ளி. 1762இலேயே இதற்கு வரைபடம் இருக்கிறது. இங்கே சைட்போர்டு என்பது தனியாக வாங்கிப் போட்ட சாமான் இல்லை, சுவரின் தொடர்ச்சி. ரோமிலிருந்து வந்தது அறையின் வடிவம். சாமான் அந்த வடிவத்துக்குக் கட்டுப்பட்டது. நகர்த்திப் பக்கத்து அறையில் போட்டுப் பாருங்கள், அர்த்தமே போய்விடும்.

ஆடமின் வரைபடங்கள் ஏறத்தாழ 9,000 இன்று லண்டனில் சர் ஜான் சோன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கூரை, கம்பளம், மேசைக்கால், கதவுக் கைப்பிடி வரை ஒரே கையெழுத்து.

#6 பித்தளைப்பூண்

ஒத்துக்கொள்கிறேன், சகோதரி. கெடில்ஸ்டனைப் பொறுத்தவரை உங்கள் வாதம்தான் சரி. கூடவே ஒன்று. 1773இல் ஆடம் சகோதரர்கள் தங்கள் படைப்புகளை வெளியிடத் தொடங்கியபோது சாப்பாட்டு அறை பற்றி எழுதிய பகுதி ரொம்ப முக்கியம். பிரெஞ்சுக்காரர்களுக்குச் சாப்பாட்டு அறை சாப்பிடுவதற்கு மட்டும்; இங்கிலாந்திலோ ஆண்கள் நாளின் பெரும்பொழுதை அங்கேதான் கழிக்கிறார்கள், அரசியல் பேசுகிறார்கள், அதற்கேற்ற சீதோஷ்ணமும் ஒயினும் இருக்கின்றன என்பது அவர்கள் கருத்து. ஆகவே அந்த அறையை நன்றாக அலங்கரிக்க வேண்டும், ஆனால் சுவரில் திரைச்சீலை வேண்டாம், சுண்ணச் சிற்பமும் சிலையும் ஓவியமும் போதும் என்கிறார்கள். காரணம்? துணி சாப்பாட்டு வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும்!

மேசைநாற்காலி சார் விரும்பும் பிரான்ஸில் இதே காலத்தில் ரீஸ்னர் போன்ற தச்சர்கள், கைவேலையில் இவர்களை விடப் பெரிய ஆட்கள், இருந்தார்கள். 1750களின் நடுவிலேயே லாலிவ் த ஜூலி என்ற செல்வந்தருக்காகக் 'கிரேக்க ரசனை' மேசை ஒன்று செய்யப்பட்டு, அது இன்றும் பிரான்ஸின் ஷான்டியி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கனமான சாமான், கறுப்பும் பித்தளையும். பாணியை எடுத்துக்கொண்டால் பிரான்ஸ் பின்தங்கவே இல்லை. ஆனால் அறையை ஆளும் சைட்போர்டு இங்கிலாந்தின் சாமான்தான், ஏனென்றால் அந்தக் குடி இங்கிலாந்தின் குடி.

#7 ஊர்சுத்தி

அப்படியானால் மூன்று நான்கு துண்டாக இருந்தது எப்போது ஒரே சாமானாக ஒட்டியது?

#8 பித்தளைப்பூண்

1780களில். இதுதான் எனக்குப் பிடித்த இடம்.

முதலில் தாமஸ் சிப்பன்டேல் என்ற லண்டன் தச்சரை ஒதுக்கிவிடுவோம், எல்லோரும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். 1754இல் அவர் வெளியிட்ட மாதிரிப் புத்தகத்தில் 'சைட்போர்டு மேசை' உண்டு, ஆனால் அதில் ஒரு டிராயர்கூட இல்லை. வெறும் மேசை, மேலே சலவைக்கல் பலகை வைக்கலாம். பிற்காலத்தில் அவரே நியோகிளாசிக்கலுக்கு மாறி, லீட்ஸ் பக்கத்தில் ஹேர்வுட் மாளிகைக்கு 1771 வாக்கில் செய்த தொகுதி அற்புதம்: மேசை, ஜாடி பொருத்திய பீடங்கள், ஒயின் தொட்டி, எல்லாம் ஈட்டி மரத்தில் வெனீர் (மெல்லிய மரத்தகடு) பதித்து, தங்கமுலாம் பூசிய பித்தளை வேலையோடு. அந்த வீட்டைக் கட்டிய லாசெல்ஸ் குடும்பத்தின் பணம் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையிலும் அடிமை வாணிபத்திலும் வந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆனாலும் அது இன்னும் தனித்தனித் துண்டுகள்தான்.

அந்த அளவுக்கு அறை எத்தனை பேரிடம் இருக்கும்? வக்கீல், வியாபாரி, கப்பல் தரகர் எல்லோரும் லண்டனில் குறுகலான வரிசை வீடுகளில் இருந்தார்கள். அவர்களுக்கும் அதே விருந்து நடத்த வேண்டும், ஆறடி அகலத்துக்குள். அதனால் பீடங்கள் இரண்டும் மேசைக்குள்ளேயே புகுந்து பக்கத்து டிராயர்களாகவும் அலமாரிகளாகவும் மாறின.

அச்சில் இந்த வடிவம் தெளிவாகக் கிடைப்பது 1788இல், இரண்டு புத்தகங்களில். ஒன்று ஜார்ஜ் ஹெப்பிள்வைட் என்ற லண்டன் தச்சர் பெயரில் வந்த மாதிரிப் புத்தகம். அவர் 1786இலேயே இறந்துவிட்டார். மனைவி ஆலிஸ்தான் வெளியிட்டார். இன்னொன்று லண்டன் தச்சர்களின் விலைப் புத்தகம். அதில் பெரும்பாலான படங்களை வரைந்தவர் தாமஸ் ஷியரர். இது வாடிக்கையாளருக்கான புத்தகமே இல்லை. இன்ன அளவு சைட்போர்டு செய்தால் கூலி இவ்வளவு, முகப்பு வளைந்தால் கூடுதல் இவ்வளவு, ஒரு டிராயர் சேர்ந்தால் இவ்வளவு என்று கூலி நிர்ணயித்த புத்தகம். கலை வரலாற்றில் ஒரு 'பாணி'யின் பிறப்புச் சான்றிதழ் கூலிப் பட்டியலில் இருப்பது எனக்கு ரொம்ப நியாயமாகப் படுகிறது.

ஹெப்பிள்வைட் புத்தகத்தின் சைட்போர்டை உள்ளே திறந்து பாருங்கள். வலது டிராயரில் ஒன்பது பாட்டிலுக்குத் தடுப்பு, அதன் பின்னால் துணி வைக்க இடம். இடது டிராயர் இரண்டாகப் பிரிந்திருக்கும்: பின்பகுதி பச்சைத் துணி ஒட்டி வெள்ளிக்கு, முன்பகுதி ஈயம் வேய்ந்து கண்ணாடி அலசத் தண்ணீருக்கு, அழுக்கு நீரை இறக்கிவிட அடியில் அடைப்பான். நடுவில் நீள டிராயர் மேசைத் துணிகளுக்கு. நீளம் ஐந்தரை முதல் ஏழு அடி, உயரம் மூன்றடி. டிராயருக்குள் தண்ணீர் வைக்கும் துணிச்சலை யோசியுங்கள்! ஈயம் கிழிந்து அடிப்பலகை கறுத்துப் போனவை பட்டறைக்கு வரும். ஈயத்தையே பிடுங்கிவிட்டு ஆணி ஓட்டை மட்டும் வரிசையாக மிச்சம் இருப்பவை அதைவிட அதிகம்.

#9 வன்னித்தச்சன்

அண்ணை, டிராயர் எண்டு நீங்கள் சொல்லுறதைத்தானே நாங்கள் லாச்சி எண்டுறது. லாச்சிக்குள்ள தண்ணி விடுற யோசினை எங்கட அப்பாவுக்குச் சொன்னால் சீவுளியால எறிஞ்சிருப்பார்.

ஒரு சந்தேகம். லண்டன் மியூசியங்களில மஞ்சள் நிறத்தில பளபளக்கிற ஒரு மரம் கனக்கக் கண்டனான். சாட்டின்வுட் எண்டு போட்டிருக்கு. அது எங்கட முதிரை மாதிரியே கிடக்கு. உண்மையா?

#10 பித்தளைப்பூண்

உண்மைதான், ஆனால் எல்லாமே இல்லை. 1760, 70களில் ஆடம் காலத்தில் பயன்பட்டது பெரும்பாலும் மேற்கிந்தியத் தீவு சாட்டின்வுட். அது வேறு இனம். உங்கள் முதிரை அவர்கள் கணக்கில் 'கிழக்கிந்திய சாட்டின்வுட்'. இலங்கையிலும் தென்னிந்தியாவின் வறண்ட காடுகளிலும் வளர்வது. 1795–96இல் இலங்கைக் கரையோரம் பிரிட்டிஷார் கைக்கு வந்தது. அதன் பிறகு அந்த மரம் லண்டனுக்குப் போவதற்கு வழி இன்னும் சுலபமானது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்தப் பாணியைத் திரும்பச் செய்தார்களே, அந்தச் சாமான்களில் முதிரை ஏராளம்.

மஹோகனிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1721இல் அமெரிக்க, மேற்கிந்தியக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்துக்கு இறக்குமதி வரியை நீக்கினார்கள். நோக்கம் கப்பல் மரம். பலன் ஜமைக்கா, கியூபா, ஹோண்டுராஸ் மஹோகனி. காட்டில் அதை வெட்டி இழுத்தது பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள்.

#11 வன்னித்தச்சன்

முதிரையை வாளால அறுக்கேக்க அந்தத் தூள் சிலருக்குக் கையெல்லாம் தடிச்சு அரிக்கும். இழை வேற நேராப் போகாது. ஒரு விரலளவு இந்தப் பக்கம், அடுத்த விரலளவு அந்தப் பக்கம் எண்டு மாறி மாறிப் போகும். சீவினால் பிய்க்கும். ஆனால் அந்த மாறுறதாலதான் வெளிச்சத்தில பட்டு மாதிரித் தெரியிறது. எங்கட ஊரில கதவும் கட்டிலும் முழுப்பலகையிலதான். அங்க மெல்லிசாக் கிழிச்சு ஒட்டியிருக்கிறாங்கள் எண்டதைப் பார்க்கேக்க கொஞ்சம் கோவமும் வந்தது.

#12 பித்தளைப்பூண்

கோபம் நியாயம்தான். ஆனால் அந்த வளைந்த முகப்பை முழுப்பலகையில் குடைந்தால் மரமும் வீண், நாளடைவில் வெடிக்கும். உள்ளே பைன் மரத்துண்டுகளைச் செங்கல் அடுக்குவதுபோல் அடுக்கி ஒட்டி, வளைவாகச் செதுக்கி, அதன் மேல் வெனீர். வெனீரும் அப்போது கை ரம்பத்தால் அறுத்தது, இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குக்கூட இருக்கும். இன்றைய காகித வெனீர் இல்லை.

#13 பாஸ்டன்வாசி

அமெரிக்கப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சைட்போர்டின் பொற்காலம் இங்கேதான் என்பேன். விடுதலைப் போர் முடிந்து, புதிய அரசியலமைப்பு வந்து, தங்களைப் புதிய ரோமக் குடியரசாக நினைத்துக்கொண்ட காலம். இங்கே இதை ஃபெடரல் பாணி என்பார்கள். ஆடம் பிரபுக்களுக்குச் செய்ததை இவர்கள் கப்பல் வியாபாரிகளுக்குச் செய்தார்கள். கழுகு இன்லே (மரத்தில் வேறு நிற மரத்தை வெட்டிப் பதிக்கும் வேலை) இவர்களுடையது. பால்டிமோர் தச்சர்களின் மணிப்பூ இன்லேயில் நடு இதழ் மட்டும் நீண்டு தொங்கும். அதை வைத்தே ஊரைச் சொல்லிவிடுவார்கள். பாஸ்டனில் சீமூர் தந்தை மகன், நியூயார்க்கில் டங்கன் ஃபைஃப் என்று பெயர்பெற்ற தச்சர்கள். லண்டன் கூலிப் புத்தகத்தைப் பார்த்து 1790களில் பிலடெல்பியாவும் நியூயார்க்கும் தங்கள் கூலிப் புத்தகங்களை அச்சிட்டன. பித்தளைப்பூண் சார் அந்தப் புத்தகத்தைப் பிறப்புச் சான்றிதழ் என்றார். அதுவே கடல் கடந்த பாஸ்போர்ட்டும்.

இங்கிலாந்துச் சாமானா அமெரிக்கச் சாமானா என்று பார்க்க டிராயரை வெளியே இழுங்கள். பக்கப்பலகை ஓக் அல்லது பால்டிக் பைன் என்றால் பெரும்பாலும் இங்கிலாந்து. வெள்ளை பைனோ டியூலிப் பாப்ளரோ என்றால் இந்தப் பக்கம்.

#14 கறார்

நடுவில் நுழைகிறேன். உள்ளூர் ஏலத்தில் ஒரு சைட்போர்டு வருகிறது. பட்டியலில் 'ஹெப்பிள்வைட் சைட்போர்டு, சுமார் 1790' என்று போட்டிருக்கிறார்கள். வளைந்த முகப்பு, ஆறு சதுரக் கால், கீழே போகப் போக ஒடுங்குகிறது. மூலையெல்லாம் விசிறி இன்லே, நடுவில் சங்கு இன்லே. வாங்கலாமா? இடப்பக்கம் ஓரத்தில் ரகசியக் கதவு மாதிரி ஒன்று இருக்கிறது, அது எதற்கு?

#15 பித்தளைப்பூண்

'ஹெப்பிள்வைட் சைட்போர்டு' என்பதன் பொருள் 'அந்தப் பாணி' என்பது மட்டும்தான். ஹெப்பிள்வைட் கையால் செய்தது என்று நிரூபிக்கப்பட்ட ஒரு சாமான்கூட உலகில் இல்லை. மரச்சாமான் மாதிரிகள் வரைந்த தாமஸ் ஷெரட்டனுக்கும் அதே கதி. 1791 முதல் 1794 வரை அவர் வெளியிட்ட படநூல்தான் அவர் சொத்து, 1806இல் வறுமையில் செத்தார். விற்பவர்கள் ஒடுங்கும் சதுரக் காலுக்கு முதல் பெயரையும், வரிவரியாகக் கடைந்த உருண்டைக் காலுக்கு இரண்டாம் பெயரையும் மாட்டிவிடுவார்கள். ஷெரட்டன் புத்தகத்திலேயே சதுரக் கால் உண்டு, அதனால் இதை வேதமாக எடுக்காதீர்கள்.

பார்க்க வேண்டியது முகப்பை இல்லை. டிராயரைக் கழற்றிக் கவிழ்த்துப் போடுங்கள். அடிப்பலகையில் ரம்பத் தடம் நேர்கோடா, வில் மாதிரி வளைவா? வளைவென்றால் வட்ட ரம்பம். 19ஆம் நூற்றாண்டுக்கு வந்துவிட்டீர்கள். பழைய திருகாணி ஒன்றைக் கழற்ற விட்டால் நுனியைப் பாருங்கள். கூர்மையாக இருந்தால் அது 19ஆம் நூற்றாண்டின் நடுவுக்குப் பிந்தையது, ஆனால் யாராவது பிறகு மாற்றியும் இருக்கலாம். கைப்பிடிக்குப் பின்னால், டிராயரின் உள்பக்கம், அடைத்த ஓட்டைகள் இருந்தால் கைப்பிடி மாறியிருக்கிறது. அது பெரிய குறையில்லை, எல்லாவற்றுக்கும் மாறியிருக்கும்.

எனக்குச் சந்தேகம் அந்தச் சங்கு இன்லே மேல்தான். 1900 வாக்கில் வெறுமையாக இருந்த பழைய சைட்போர்டுகளைப் பிடித்து, விற்கும் விலைக்காக விசிறியும் சங்கும் பதித்தார்கள். உடம்பு நிஜம், நகை பிற்காலம். அல்லது மொத்தமே அக்காலத்து மறுபதிப்பாக இருக்கலாம். விரலால் தடவுங்கள்: இருநூறு வருடத்துக்கு மேலான வெனீர் சுருங்கி, இன்லே ஓரம் லேசாகத் தட்டுப்படும். கண்ணாடி போல மட்டமாக இருந்தால் யோசியுங்கள்.

அந்த ரகசியக் கதவு: மூத்திரச் சட்டிக்கு.

#16 ஊர்சுத்தி

என்னது?? சாப்பாட்டு அறையிலா?

#17 பித்தளைப்பூண்

சாப்பாட்டு அறையில்தான். சாப்பாடு முடிந்ததும் பெண்கள் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்கள், வேலைக்காரர்களும் வெளியே. ஆண்கள் மணிக்கணக்கில் குடிப்பார்கள். 1784இல் இங்கிலாந்துக்கு வந்த பிரெஞ்சு இளைஞர் பிரான்சுவா த லா ரோஷ்ஃபூக்கோ இதைப் பார்த்து அருவருத்து எழுதி வைத்திருக்கிறார்: சைட்போர்டில் சட்டிகள் இருந்தன, பேச்சு நடக்கும்போதே தேவைப்பட்டவர்கள் எழுந்து வேலையை முடித்துக்கொண்டார்கள், மறைப்பு எதுவும் இல்லை என்று.

#18 மேசைநாற்காலி

பிரெஞ்சு மரச்சாமான்தான் உயர்ந்தது என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

#19 கல்லும்சுண்ணாம்பும்

சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆடமின் சமகாலத்தவர்களுக்குமே அவர் மேல் ஒரே கருத்து இல்லை. எழுத்தாளர் ஹொரஸ் வால்போல் 1773இல் ஆஸ்டர்லியைப் பார்த்துவிட்டு அரண்மனைகளுக்கெல்லாம் அரண்மனை என்று கொண்டாடினார். சில வருடத்தில் அதே வீட்டின் எட்ரஸ்கன் (ரோமுக்கு முந்தைய இத்தாலிய மக்கள்) பாணி அறையைப் பார்த்து முகம் சுளித்தார். ஆடமின் நுணுக்க வேலையை வெறும் சரிகை வேலை என்று கிண்டலடித்தவரும் அவர்தான்.

ஊர்சுத்தி அண்ணா கேட்ட முதல் கேள்விக்கு இன்னும் ஒரு மிச்சம் இருக்கிறது. ஆஸ்டர்லியில் நடுவில் மேசை இல்லாதது காட்சிக்காக எடுத்துவைத்ததால் அல்ல. மடக்கு மேசைகளை வெளியே நடைவழியில் வைத்திருந்து, சாப்பாட்டு நேரத்தில் உள்ளே கொண்டுவந்து விரிப்பார்கள். மற்ற நேரம் அறை காலி. அதனால்தான் சைட்போர்டு தொகுதி அறையையே ஆள்கிறது. நிரந்தரமாக நிற்கும் பெரிய சாமான் அது ஒன்றுதான்.

#20 கறார்

பார்த்துவிட்டு வந்தேன். டிராயர் பக்கம் ஓக். அடிப்பலகையில் நேர்த்தடம். சங்கு இன்லே துளிகூடத் தட்டுப்படவில்லை, வழவழவென்று இருக்கிறது. விசிறிகள் தட்டுப்படுகின்றன. வலது டிராயருக்குள் ஓரமெல்லாம் சின்னச் சின்ன ஆணி ஓட்டைகள் வரிசையாக.

#21 பித்தளைப்பூண்

ஆணி ஓட்டைகள் ஈயம் இருந்த தடம். உடம்பு பழையது என்றுதான் தோன்றுகிறது, சங்கு மட்டும் பிற்காலம். இப்போது இந்தப் பழுப்பு நிற மரச்சாமான்களுக்கு ஏலத்தில் கிராக்கி விழுந்து கிடக்கிறது, அதனால் 1790 என்ற எண்ணுக்காக ஒரு பைசா கூட ஏற்றாதீர்கள். கால்களின் அடியைப் பார்த்தீர்களா? ஆறில் ஏதாவது ஒன்று வெட்டி ஒட்டியிருந்தால் இன்னும் குறைத்துக் கேளுங்கள்.

#22 வன்னித்தச்சன்

வாங்கினால் படம் போடுங்கோ. விசிறி இன்லே முதிரையா எண்டு பார்க்கோணும்.